கை தூக்காதவர்கள்

திண்டிவனம்
24-9-2012

பவானிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. விழுப்புரத்தில் லெக்சரர் வேலைக்குப் போகிறேன் என்று ஜூன் மாதம் ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினாயே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. காலேஜ் முழுக்க ஹாஸ்டலில் ஒரே அறை, அப்புறம் இரண்டு வருஷம் ஒரே மெஷினோடு மல்லுக்கட்டு, கடைசியில் ஒரு எஸ்.எம்.எஸ். அதனால் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். மெயிலும் வேண்டாம், இங்கே கரண்ட் வருகிற நேரம் மெஷினுக்கே போதவில்லை. தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் இங்கே வேலைக்கு வந்து போகிறாரே சீனுவாசன் சார், அவர் கையில் கவரும் பென்டிரைவும் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அவர் கையிலேயே வரட்டும்.

விஷயம் மெஷின்தான். ராஜாமணி முதலாளியின் மனசு மாறிக்கொண்டிருக்கிறது. வெளியூர் கம்பெனி ஒன்றின் பெரிய மெஷினைச் செல்போனில் படமாக வைத்துக்கொண்டு மண்டிக்கு வருகிற எல்லாருக்கும் காட்டுகிறார். அதை வாங்கிப் போட்டால் கொட்டகையில் மல்லாட்டை (உன் லெக்சரர் பாஷையில் நிலக்கடலை) பொறுக்குகிற ஒரு பெண்ணும் தேவையில்லையாம். நம் மெஷின் சொத்தையை ஊதித் தள்ளும், மிச்சத்தைப் பெண்கள் கையால் பார்ப்பார்கள் என்பதுதானே நாம் செய்த ஏற்பாடு? அந்தப் பெண்களில் என் அம்மா லூர்துமேரியும் ஒருத்தி என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று முதலாளி நேராகவே சொல்லிவிட்டார்: "இந்தா பாரு மேரி, ஆயுத பூஜைக்குள்ள உன் மெஷினு ஃபுல் ஸ்பீடுல ஓடி ஒரு லோடு விதைப் பருப்பு க்ளீனா போவணும். இல்லன்னா நான் அந்தப் பெரிய மெஷினுக்கு ஆர்டர் குடுத்துடுவேன். உங்கம்மா, வடிவு எல்லாரும் வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்."

ஃபுல் ஸ்பீடில் நம் மெஷின் என்ன லட்சணத்தில் இருக்கிறது தெரியுமா? பருப்பு பெல்ட்டில் ஓடி வருகிறது, கேமரா படம் எடுக்கிறது, ஜி.பி.யூ. கார்டு படத்தை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து நல்லதா சொத்தையா என்று முடிவு செய்கிறது. அது வரைக்கும் பிரமாதம். ஆனால் அந்த முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் காற்றுக்குழாய்க்கு அனுப்புவதற்குள் சொத்தை தாண்டிப் போய்விடுகிறது. பின்னால் வருகிற நல்ல பருப்பு ஒரு பாவமும் அறியாமல் அடி வாங்கிக் குப்பைக் கூடையில் விழுகிறது. முடிவுகளைச் சேர்க்கிற பகுதி நீ எழுதியது, அம்மணி. வந்து சரிசெய். இல்லை, வராதே. எழுதி அனுப்பு.

மேரி

*

விழுப்புரம்
27-9-2012

அன்புள்ள மேரிக்கு,

அன்புள்ள என்று போடலாமா என்று யோசித்துத்தான் போட்டேன். நீ வேண்டுமானால் அடித்துவிட்டுப் படி.

எஸ்.எம்.எஸ். பற்றி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்லத்தான் அன்றைக்குக் கொட்டகைக்கு வந்தேன். நீ அப்போது வேறு யாரையோ பற்றி, "சம்பளத்தைப் பாத்து ஓடறவ ஓடட்டும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அப்பாவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிறோம். வீட்டுக்கு மாதச் சம்பளம் ஒன்று வேண்டியிருந்தது. அவ்வளவுதான், இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன். எழுதும்போதே கை ஓடுகிறது, எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள். நீ சொன்னது சரி, தாமதம் நான் எழுதிய புரோகிராமில், என் கோடில்தான். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு த்ரெட், கார்டின் ஒரு குட்டி வேலையாள், பார்க்கிறது. சொத்தை என்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். முப்பத்திரண்டு புள்ளிகளின் பதில்களை ஒரே எண்ணுக்குள் முப்பத்திரண்டு பிட்டுகளாக அடுக்கினால் அதுதான் காற்றுக்குழாய்க்குப் போகிற பிட்மாஸ்க். நான் எழுதிய முறையில் ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனியாக அந்த எண்ணிடம் வந்து தன் பிட்டை வைத்துவிட்டுப் போகிறது. ஒருவர் வைக்கும்போது மற்றவர் நிற்க வேண்டும். ரேஷன் கடை வரிசைதான். பார்க்கிற வேலை நொடியில் முடிகிறது, வரிசையில் நிற்பதில் நேரம் போகிறது.

நேற்று லேபில் நெட் கிடைத்ததும் கார்டின் மேனுவலைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வகுப்புக்கு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை, மாணவர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். கார்டுக்குள் த்ரெட்டுகள் எப்போதும் முப்பத்திரண்டு பேர் கூட்டமாகத்தான் நடக்கும், அந்தக் கூட்டத்துக்கு வார்ப் என்று பெயர். இது நமக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், நாம் கடைசியாக வாங்கிய கார்டில் அந்தக் கூட்டத்துக்கென்றே பேலட் (வாக்கெடுப்பு) என்று ஒரு கட்டளை இருக்கிறது. "சொத்தையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால் முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறார்கள். தூக்கிய கை ஒன்று, தூக்காத கை பூஜ்யம். முழு மாஸ்க்கும் ஒரே கட்டளையில் வந்து விழுகிறது! கூட்டத்தில் யாராவது ஒருவர் அதை எழுதி வைத்தால் போதும். மேரி, வரிசையே கிடையாது!

பென்டிரைவில் புதுக் கோடு இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். அதில் ஏதாவது மாற்றினால் மாற்றினேன் என்று சொல். போன வருஷம் நீ சொல்லாமல் மாற்றியதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பவானி

*

திண்டிவனம்
1-10-2012

அடியே பவானி!

ஓடுதுடீ! காலையில் கரண்ட் வந்ததும் உன் கோடைப் போட்டேன். காற்றுக்குழாய் சத்தம் இத்தனை நாள் கிழவர் இருமுவது மாதிரி விட்டு விட்டுத்தானே வரும்? இன்றைக்குத் தீபாவளிச் சரவெடி. டப டப டபவென்று சொத்தை பறக்கிறது. வடிவு அக்கா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டது. "இன்னாடி மேரி, மெஷினுக்குப் பேய் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டுக்கினு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. நான் சிரித்து முடிக்கிறதுக்குள் கரண்ட் போய்விட்டது. அதனால் என்ன, இருட்டில் நின்று இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

உன் கை தூக்குகிற கதையை அம்மாவிடம் சொன்னேன். "இத்தினி நாளா ஒவ்வொருத்தரா கூப்ட்டுக் கேட்டுக்கினு இருந்தீங்களா? படிச்சிட்டு வந்து?" என்று கேட்டாள். உனக்கும் சேர்த்துத்தான் திட்டு, பாதியை எடுத்துக்கொள்.

அப்பா விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அதற்குத் தனியாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன். பழைய கோபத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. எனக்கு வாய் நீளம் என்பது உனக்குத் தெரியாதா? கத்தினால் கத்திவிட்டுப் போகிறாள் என்று உள்ளே வந்திருக்க வேண்டியதுதானே.

சரி, ஒரு குறை. மூட்டையை மொத்தமாகக் கொட்டினால் இன்னும் கொஞ்சம் திணறுகிறது. முதலாளி ஓரமாக நின்று பார்த்தார், "பரவால்லியே" என்றார், ஆனால் செல்போனில் இருக்கிற அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. நான் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன்.

மேரி

*

விழுப்புரம்
5-10-2012

அன்புள்ள மேரி,

நீ ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறாய் என்றாலே எனக்குப் போன வருஷம்தான் ஞாபகம் வருகிறது. என்ன வழி என்று எழுதவே இல்லையே.

சரவெடிச் சத்தம் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, சொன்னால் கிண்டல் செய்வாய். இரண்டு வருஷம் அந்த இருமலைக் கேட்டவள் நான், நன்றாக ஓடுகிற நாளில் இங்கே அட்டென்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். முடிந்தால் அந்தச் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து பென்டிரைவில் போட்டு அனுப்பு.

உற்சாகம் தாங்காமல் வகுப்பில் மாணவர்களை முப்பத்திரண்டு பேராக நிற்க வைத்து பேலட் நடத்திக் காட்டினேன். காலையில் சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள் என்றேன், கரும்பலகையில் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதினேன். எங்கள் ஹெச்.ஓ.டி. எட்டிப் பார்த்து, "என்ன மேடம், எலக்‌ஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது. இந்த வேலையில் இப்படியும் சில நாள் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

லோடு ஓட்டுவதற்கு முன் கோடை எனக்கு அனுப்பு. தயவுசெய்து.

பவானி

*

திண்டிவனம்
16-10-2012

பவானி, பவானி, பவானி!

ஃபுல் ஸ்பீடு! மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினாலும் திணறவில்லை. லோடு முழுக்க ஓட்டி முடித்தாயிற்று. பெண்கள் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்ததோடு சரி, "இவ்ளோ ஸ்பீடா போறதுல கை வெக்க வோணாம், அப்படியே மூட்டை கட்டு" என்று முதலாளி சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை லாரி விதைக் கிடங்குக்குக் கிளம்புகிறது. இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் வயலிலேயே நனைந்த சரக்கு, சொத்தை ஏராளம். அதிலேயே நம் மெஷின் நின்று காட்டிவிட்டது!

மாற்றினால் சொல்லச் சொன்னாய், இதோ சொல்கிறேன், நல்ல பிள்ளையாக. உட்கார்ந்து யோசித்தேன். பெல்ட்டில் பருப்புக்குப் பருப்பு எவ்வளவு இடைவெளி! அங்கேயெல்லாம் வெறும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற த்ரெட்டுக்கு என்ன வேலை? சொத்தையா நல்லதா என்று அவ்வளவு கணக்கையும் எதற்குப் போட வேண்டும்? பெல்ட்டோ கறுப்பு ரெக்சின். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு வரி சேர்த்தேன்: கறுப்பாகத் தெரிந்தால் அது பெல்ட், நீ வீட்டுக்குப் போ. மிச்சம் இருப்பவர்கள் மட்டும் கணக்குப் போட்டுக் கை தூக்கட்டும். அவ்வளவுதான், குதிரை மாதிரி ஓடுகிறது.

நேற்று முதலாளி என் கண் முன்னால் அந்தப் பெரிய மெஷின் படத்தைச் செல்போனிலிருந்து அழித்தார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இனிமே யாரும் நம்மள வூட்டுக்குப் போன்னு சொல்ல மாட்டாங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்ல மாட்டாங்கம்மா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது கிடையாது.

கோடும் சத்தமும் பென்டிரைவில் இருக்கிறது. சத்தத்தை முதலில் கேள்.

மேரி

*

பாசஞ்சர் ரயிலில்
18-10-2012, காலை

மேரி,

லாரியை நிறுத்து. மற்றதை அப்புறம் படி.

நேற்று மாலையிலிருந்து போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் சீனுவாசன் சாரோடு நானே ரயிலேறிவிட்டேன். மயிலம் தாண்டிவிட்டது. ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

உன் ஒரு வரியில்தான் பிரச்சினை. பேலட் கேட்கும்போது கூட்டத்தில் இல்லாதவருக்கும் அது பூஜ்யம்தான் போடும். கை தூக்காமல் நின்றவரும் பூஜ்யம், வீட்டுக்குப் போனவரும் பூஜ்யம். நம் மாஸ்க்கில் பூஜ்யம் என்றால் தள்ளாதே, விடு என்று அர்த்தம். வெறும் பெல்ட்டைப் பார்த்தவர் போனால் பரவாயில்லை. ஆனால் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்து முழுக்கக் கறுத்துப்போன பருப்பைப் பார்த்தவரும் "கறுப்பு, பெல்ட்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்தப் பருப்பைப் பற்றிக் கை தூக்க அங்கே ஆளே இல்லை. பாதி கெட்டதையெல்லாம் மெஷின் ஊதித் தள்ளிவிட்டது, அடியோடு கெட்டதை நல்லது என்று மூட்டைக்கு அனுப்பிவிட்டது. நாம் சோதனைக்கு வைத்திருந்தது போன வருஷச் சரக்கு, அதில் இப்படிக் கறுத்தது இல்லை. அதனால்தான் உன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் படித்தவுடன் சந்தேகம்தான், உறுதி இல்லை. எங்கள் அம்மா வறுத்த மல்லாட்டையில் கருகிப்போன ஒன்றை டிபன் பாக்ஸில் எடுத்துப்போய் லேப் கேமராவுக்கு அடியில் வைத்தேன். உன் கோடு அதை நல்ல பருப்பு என்கிறது.

பெல்ட்டுக்குக் கறுப்பு ரெக்சின் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான் என்பதும் நினைவிருக்கிறது.

சரிசெய்வது கஷ்டமே இல்லை. பெல்ட்டை நீல நிறமாக்கு, மல்லாட்டை எப்படிக் கெட்டாலும் நீலமாகாது. பிறகு யாரையும் தனியாக வீட்டுக்கு அனுப்பாதே. முதல் கேள்வி, "பருப்பைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்". ஒரு கைகூட எழவில்லை என்றால் முப்பத்திரண்டு பேரும் சேர்ந்தே போகட்டும். ஒரு கை எழுந்தாலும் எல்லாரும் இருந்து கணக்குப் போட்டு, இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லட்டும். கூடுவது ஒரே ஒரு கட்டளை. உன் வேகம் அநேகமாக அப்படியே இருக்கும், ஏனென்றால் கூட்டம் முழுதும் கிளம்பினால்தான் கார்டுக்கு எப்போதுமே லாபம். எழுதி பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.

லாரியை நிறுத்தினால் ராஜாமணி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவின் வேலை போகலாம். நீ அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்பதையும் படித்தேன், அதை நினைத்து ராத்திரி தூக்கம் இல்லை. ஆனால் இது விதை, மேரி. வாங்குகிறவன் தின்னப் போவதில்லை, நிலத்தில் போடப் போகிறான்.

நான் உள்ளே வரமாட்டேன். மண்டி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். சார் மட்டும் வந்து இதைக் கொடுப்பார்.

பவானி

*

திண்டிவனம்
22-10-2012

பவானிக்கு,

நீ டீக்கடையில் நின்றதைப் பார்த்தேன். வந்து பேசவில்லை. அந்த நேரத்தில் ஒருவரிடம்தான் அடி வாங்கத் தெம்பு இருந்தது, அதை முதலாளிக்கென்று வைத்துக்கொண்டேன். நீ பத்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது லாரியிலிருந்து முதல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

டிரைவர் வண்டியை எடுத்தேவிட்டார். நான் முன்னால் போய் நின்றேன். முதலாளி ஓடி வந்தார். "இன்னா பேஜாரு இது? ஏத்துன லோடை எறக்கச் சொல்றியா?" என்று கத்தினார். ஒரு மூட்டையைப் பிரித்துத் தார்ப்பாயில் கொட்டச் சொன்னேன். கொட்டிய உடனே தெரிந்தது. வெள்ளைத் துணியில் மை தெளித்த மாதிரி கறுப்புக் கறுப்பாய், கை நிறைய அள்ளலாம். மெஷின் மேல் இருந்த நம்பிக்கையில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் பேசுகிற சத்தம் கேட்டது. போச்சு, பெரிய மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் மொத்த லோடையும் கையாலேயே பார்த்து முடித்தார்கள். நான் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, சொல்ல எனக்கு மூஞ்சி இல்லை.

அந்த இரண்டு நாளும் நான் பெல்ட்டோடு கிடந்தேன். ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவரிடம் நீல ரெக்சின் வாங்கித் தைத்துப் போட்டேன். உன் கோடு ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது. முதலாளி வந்தார். பொறுக்கி எடுத்த கறுப்புப் பருப்புக் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி, ஃபுல் ஸ்பீடில் ஓடுகிற நல்ல பருப்புக்கு நடுவே வீசினார். டப டப டப! ஒன்று தப்பவில்லை பவானி, ஒன்றுகூடத் தப்பவில்லை! இன்னொரு கை வீசினார். எல்லாம் வெளியே. அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், கோலி விளையாடுகிற பையன் மாதிரி குனிந்து குனிந்து. மறுபடியும் கரண்ட் போகிற வரைக்கும் விடவில்லை.

இருட்டில் நின்றுதான் சொன்னார். "அன்னிக்கே அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டேன். உன் மெஷினு தப்பு பண்ணுனா லாரிய நிறுத்தறதுக்கு யாரு வருவாங்கன்னு கேட்டேன். வாரண்டியிலே அதெல்லாம் இல்லைங்கன்னு சொல்றான். எனக்கு அது வோணாம். உன் மெஷினும் இருக்கட்டும், உங்கம்மா, வடிவு எல்லாரும் இருக்கட்டும். கை வெக்க வோணாம்னு சொன்னனே, அது என் தப்பு." அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை லோடு போயிற்று.

அப்பாவை அடுத்த முறை முண்டியம்பாக்கத்துக்கு அழைத்துப்போகும் நாளைச் சொல், நான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தோடு அழுகல் விதையை மூட்டை மூட்டையாக அனுப்பி வைத்துக் கை ஆட்டியிருப்பேன். எனக்குச் சந்தோஷம் வந்தால் கண் தெரியாது. அதனால் நான் அப்படிச் சந்தோஷமாக இருக்கும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருக்க வேண்டும், அதைக் கெடுப்பதற்கு. அதற்காக லெக்சரர் வேலையை விட வேண்டாம். சனிக்கிழமை சனிக்கிழமை வந்தால் போதும்.

மேரி